சீயோனுக்குப் போகும் வழி: காத்திருந்தவர்களும் புறப்பட்டவர்களும்

மைசூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை நம் குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர்க் காட்டைக் கடந்து கூடலூர், உதகை என்று தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மற்றொன்று சுல்தான் பத்தேரி, கல்பெட்டா வழியாக மலையிறங்கிக் கோழிக்கோட்டுக் கடற்கரையைத் தொடுகிறது. நம்மவர்களுக்கு முதல் சாலைமீதுதான் கண். ஊருக்குப் போகிற சாலை அல்லவா! இரண்டாவது சாலை இறங்கும் மலபார்க் கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழ்ந்துவிட்டு, பிறகு ஏறக்குறைய ஒரே தலைமுறையில் மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பிவிட்ட ஒரு மக்களைப் பற்றி இங்கே எழுத நினைக்கிறேன். அவர்கள் யூதர்கள்.

"யூதருக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் பழையது. சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் 'துக்கி' என்று எபிரெய வேதம் சொல்லும் பறவை மயில்தான் என்றும், அச்சொல் நம் 'தோகை'யிலிருந்து போனது என்றும் கால்டுவெல் முதலிய அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். மறுப்பவர்களும் உண்டு, அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டாம். மறுக்க முடியாத சான்று ஒன்று இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் அளித்துச் செப்பேடு கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. மொழி, மலையாளம் தமிழிலிருந்து பிரியாத காலத்து மொழி. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம் என்று அதில் வரும் சொற்களை இன்றைய தமிழ் மாணவன் அகராதி இல்லாமல் படித்துவிடலாம். உலகில் யூதருக்கு வேற்றரசர் கொடுத்த சாசனங்களில் இவ்வளவு மரியாதையானது அரிது. 2017 ஜூலையில் நம் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது இதன் நகலைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

இவ்வளவு நன்றாக வைத்திருந்த நாட்டை விட்டு அவர்கள் ஏன் போனார்கள்? போனது சரியா என்று யூதருக்குள்ளேயே ஏன் இன்றுவரை சண்டை? இந்தக் கேள்விகளுக்குள் போனால், 'யூதன் என்றால் இஸ்ரேல், இஸ்ரேல் என்றால் யூதன்' என்று நாம் செய்தித்தாளை வைத்துப் போட்டிருக்கும் கணக்கு தப்பு என்பது தெரியவரும்.

குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அதன்பின் யூதர் உலகெங்கும் சிதறிய காலத்தை அவர்கள் 'கலூத்' என்கிறார்கள், நாடுகடந்த நிலை. தாவீது அரசன் வழியில் மேசியா ஒருவர் தோன்றுவார், சிதறியவர்களைக் கூட்டிச் சீயோன் மலைக்கு அழைத்துப் போவார், ஆலயம் மீண்டும் எழும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாள்தோறும் எருசலேமை நோக்கி நின்றே தொழுகிறார்கள். பஸ்கா விருந்து முடியும்போது அடுத்த ஆண்டு எருசலேமில் கூடுவோம் என்று வாழ்த்திக்கொள்வது வழக்கம். ஆக, திரும்பிப் போக வேண்டும் என்பதில் பழமைவாதிகளுக்குள் பிளவே கிடையாது. யார் அழைத்துப் போவது, எப்போது போவது என்பதில்தான் பிளவு.

நம் வைணவத்தில் வடகலை, தென்கலை என்ற இரண்டு கலைகள் உண்டு. கர்நாடகத்துத் தமிழருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மேலுகோட்டையில் உடையவர் தங்கிய காலந்தொட்டு இங்கே ஐயங்கார் குடும்பங்கள் இருக்கின்றன. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடியை விட்டால் விழும். பூனைக் குட்டியோ சும்மா கிடக்கும். தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும். உயிர் கடைத்தேற அதன் முயற்சி வேண்டுமா, இறைவன் அருளே போதுமா என்ற கேள்விக்கு மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று நம் ஆசாரியர்கள் வைத்த உவமைகள் இவை. காஞ்சியில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றம் வரை போனார்களே என்று சிரிப்போம். அதே கேள்வியை நாடு, படை, எல்லை ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? யூதருக்குள் நடப்பது அதுதான்.

பூனைக் கட்சிக்குத் தல்மூதில் ஆதாரம் இருக்கிறது. கேத்துபோத் என்ற பகுதியில் மூன்று ஆணைகள் பேசப்படுகின்றன. யூதர் ஒன்றுதிரண்டு வன்மையாகப் புனித நாட்டுக்குள் ஏறக்கூடாது. பிற இனத்தாருக்கு எதிராகக் கலகம் செய்யக்கூடாது. பிற இனத்தாரும் யூதரை அளவுமீறித் துன்புறுத்தக்கூடாது. கடவுள் முன் இந்த மூன்றுக்கும் சத்தியம் வாங்கப்பட்டது என்பது பொருள். 'முதல் இரண்டை மீறாதே' என்று ஒரு சாரார் சொல்ல, 'மூன்றாவதைத்தான் உலகம் எப்போதோ மீறிவிட்டதே, இனி நம்மை எது கட்டும்?' என்று மறுசாரார் கேட்கிறார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதங்கள் அல்ல இரண்டும்.

ரபிகள் அவசரத்துக்கு அஞ்சியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1665இல் ஸ்மிர்னா நகரத்துச் சபத்தாய் செவி தம்மையே மேசியா என்று அறிவித்துக்கொண்டார். ஐரோப்பாவிலிருந்து ஏமன் வரை யூதர்கள் பித்துப் பிடித்ததுபோல் ஆனார்கள். சொத்தை விற்றுப் பயணத்துக்கு ஆயத்தமானவர்கள் பலர். அடுத்த ஆண்டே துருக்கிச் சுல்தான் அவரைப் பிடித்து நிறுத்த, அவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேருமா? அதற்குப் பிறகு 'இதோ விடுதலை' என்று யார் சொன்னாலும் ரபிகள் முதலில் சந்தேகப்பட்டார்கள்.

தியோடர் ஹெர்சல் என்ற வியன்னாப் பத்திரிகையாளர் 1897இல் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டியபோது எதிர்ப்பு வந்தது இப்படித்தான். மாநாடு மியூனிக்கில் நடப்பதாக இருந்தது. ஜெர்மானிய ரபிகளும் அவ்வூர் யூதச் சமூகமும் எதிர்க்கவே, சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு மாறியது. எதிர்த்தவர்களில் பழமைவாதிகளும் இருந்தார்கள், சீர்திருத்தவாதிகளும் இருந்தார்கள். சீர்திருத்தவாதிகளுடைய காரணம் வேறு: 'நாங்கள் ஜெர்மானியர், எங்கள் மதம்தான் யூதம்' என்பது. பழமைவாதிகளைப் பொறுத்தவரை, ஓய்வுநாளை மதிக்காத, உணவு விதி பார்க்காத ஒரு கூட்டம் மேசியாவின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்வதா என்பதே ஆத்திரம்.

குரங்குக் கட்சியில் பெரிய பெயர் ரபி ஆபிரகாம் ஐசக் கூக். 1921இல் பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கனாசித் தலைமை ரபி ஆனவர், 1935இல் மறைந்தார். அவர் சொன்னது நுட்பமான கருத்து. வயலில் உழும் அந்த நாத்திக இளைஞர்கள் தாங்கள் அறியாமலே இறைவன் பணியைச் செய்கிறார்கள் என்றார். நம் உவமையில் சொன்னால், குட்டி தானாகக் கட்டிப்பிடிப்பதும் தாய்ப்பூனை கவ்வுவதும் ஒன்றுதான் என்று இரு நியாயங்களையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அவர் மகன் செவி யெகுதா கூக்கின் மாணவர்கள் 1967 போருக்குப் பிறகு இதையே அரசியல் கட்டளையாக ஆக்கிக்கொண்டார்கள். 1974இல் கூஷ் எமுனீம் என்ற குடியேற்ற இயக்கம் பிறந்தது. தந்தையின் மென்மை மகனின் மாணவர்களிடம் எவ்வளவு மிஞ்சியது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வெற்றி பெற்ற நிலத்தைத் திருப்பித் தருவது மேசியாவின் வருகையைத் தடுப்பது என்று ஒருவர் நம்பிவிட்டால், அவரோடு பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி?

எதிர்முனையில் சத்மார் ரபி ஜோயல் டைட்டல்பாம். அரசு அமைத்ததே மகா பாவம், அந்த அரசில் தேர்தலில் நிற்பதும் வாக்களிப்பதும் பாவம் என்று எழுதினார். சியோனிசத்தார் ஆணையை மீறியதால்தான் ஐரோப்பிய யூதருக்கு அந்தப் பேரழிவு வந்தது என்றும் வாதிட்டார். படிக்கவே மனம் கூசுகிற வாதம். 1944இல் ஹங்கேரியிலிருந்து அவர் உயிர் தப்பியதே கஸ்ட்னர் என்ற சியோனிசத் தலைவர் ஏற்பாடு செய்த ரயிலில்தான் என்பதை எதிரிகள் சொல்லிக்காட்டத் தவறுவதில்லை. 1946இல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, பெரும் சமூகம் ஒன்றை அங்கே கட்டியெழுப்பி, 1979இல் மறைந்தார். எருசலேமுக்குள்ளேயே இதேபோல் அரசை ஏற்காத குழுக்கள் இருக்கின்றன. 1938இல் தொடங்கிய நெதுரே கார்த்தா அவற்றுள் பேர்பெற்றது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஆகுதாத் இஸ்ரேல். 1912இல் தோன்றிய கட்சி. அரசுக்குப் புனிதம் எதுவும் கிடையாது, ஆனால் வந்துவிட்டதே, என்ன செய்வது, உரிமைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வோம் என்பது அவர்கள் நிலை. நம்ம ஊர் அரசியல் தெரிந்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 1947 ஜூனில் பென்குரியன் தரப்பு அவர்களுக்குக் கடிதம் எழுதி ஓய்வுநாள், உணவு, திருமணம், கல்வி ஆகியவற்றில் மத வழக்கத்துக்கு இடம் தருவதாகச் சொன்னது. நாடு பிறந்தபின் சுமார் 400 வேத மாணவர்களுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கும் கிடைத்தது. நானூறு பல்லாயிரமாகப் பெருகி, 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை, அவர்களையும் படையில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் நிலை வந்தது.

பம்பாயிலிருந்து போன பதில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொங்கணக் கரையில் பெனே இஸ்ரேல் என்று ஒரு யூத மக்கள். எண்ணெய் ஆட்டுவது அவர்கள் தொழில். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று ஊரார் பெயர் வைத்தார்கள். மராத்திதான் வீட்டு மொழி.

இவர்கள் எலியா தீர்க்கதரிசியை மிகவும் போற்றுவார்கள். மேசியாவின் வருகையை முன்கூட்டி அறிவிக்கப்போகிறவர் எலியா என்பது யூத நம்பிக்கை. அவர் அலிபாக் அருகே ஒரு பாறைமீது இறங்கினார் என்று இவர்கள் சொல்கிறார்கள். நல்ல காரியம் எதுவானாலும் அவர் பெயரால் 'மலீதா' படைப்பார்கள். என்ன தெரியுமா மலீதா? ஊறவைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள். நம் வீட்டுக் கிருஷ்ண ஜெயந்தி அவல்தான்! மேசியாவுக்குக் கட்டியம் கூறுபவருக்கு அவலும் தேங்காயும் வைத்துக் காத்திருந்த மக்கள் இவர்கள்.

1897 பாசல் மாநாட்டுக்கு இவர்களுக்கும் அழைப்பு வந்தது. பம்பாய்ப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். யூத அரசு மீண்டும் ஏற்படுவது இறைவன் கையால் நடக்க வேண்டியது. மனிதர் கூடித் தீர்மானம் போட்டு அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். மியூனிக் ரபிகள் மறுத்தபோது அதில் ஜெர்மனியில் தங்கள் மதிப்பு போய்விடுமோ என்ற பயமும் கலந்திருந்தது. பம்பாயில் அப்படிப்பட்ட பயத்துக்கு வேலையே இல்லை. இங்கே யூதன் என்பதற்காக யாரும் யாரையும் விரட்டவில்லை. தென்கலையார் கேட்டால் மெச்சிக்கொள்ளக்கூடிய பதில் அது.

ஐம்பது ஆண்டுகளில் காலம் மாறிவிட்டது. 1948க்குப் பிறகு பெனே இஸ்ரேல் மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலும் விமானமும் ஏறினார்கள். போன இடத்தில் எல்லாம் இனிப்பாக இல்லை. நிறம் பார்த்து நடத்துகிறார்கள், கடினமான வேலையே கொடுக்கிறார்கள் என்று மனம் வெறுத்து, 1951-52இல் ஒரு குழு மறியல் செய்து இந்தியாவுக்கே திருப்பி அனுப்பச் சொன்னது. ஒரு தொகுதியினரை விமானத்தில் திருப்பியும் அனுப்பினார்கள். இதைவிடப் பெரிய அடி 1960களின் தொடக்கத்தில் விழுந்தது. இவர்களுடைய மணமுறிவு, மறுமண வழக்கங்கள் யூதச் சட்டப்படி இருந்தனவா என்று ஐயம் எழுப்பிய தலைமை ரபி மன்றம், பெனே இஸ்ரேல் ஒருவர் பிற யூதரை மணப்பதானால் பாட்டி, பாட்டிக்குப் பாட்டி என்று எட்டும்வரை பூர்வீகம் விசாரிக்க வேண்டும் என்று 1962இல் கட்டளையிட்டது. மேசியாவுக்காகத் தலைமுறை தலைமுறையாக அவல் படைத்தவர்களைப் பார்த்து, 'நீ யூதன்தானா?' என்று கேட்டால் எப்படியிருக்கும்! எருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். 1964 ஆகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் கூடி, இவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று அறிவித்தது. மத மன்றம் போட்ட முடிச்சை மதச்சார்பற்ற அரசு அவிழ்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெர்சலின் வாரிசுகள் இங்கே நன்றாகவே நடந்துகொண்டார்கள் என்பது என் கருத்து.

கொச்சிக்காரர்கள்

கொச்சியின் கதை வேறு. அங்கே எட்டு யூதப்பள்ளிகள் இருந்தன: மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. 1568இல் கட்டிய மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளி மட்டுமே சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியும். ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னாளில் வந்தவர்கள் பரதேசிகள்; வெள்ளை யூதர் என்பார்கள். மற்ற ஏழு பள்ளிகளும் பழைய மலபாரி யூதருடையவை. இரு சாராரும் கலந்து மணப்பதில்லை. பரதேசிகளிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோர் மூன்றாவது பிரிவு. அவர்களுக்குப் பரதேசிப் பள்ளிக்குள் பெஞ்சில் இடமில்லை, வேதம் வாசிக்க அழைப்பும் இல்லை. தோரா எங்கேயும் சொல்லாத சாதி, கடற்காற்றிலேயே ஒட்டிக்கொண்டது போலும்.

இந்த மூன்றாம் பிரிவில் 1882இல் பிறந்தவர் ஏ.பி. சேலம். சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானார், கொச்சிச் சட்டமன்றத்தில் இருந்தார், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். 'யூத காந்தி' என்று பெயர். காந்தியார் அந்நிய ஆட்சிக்கு எதிராக எடுத்த சத்தியாக்கிரகத்தை இவர் சொந்தப் பள்ளிவாசலிலேயே எடுத்தார். சமமாக உட்கார வைக்கிறவரை ஓயவில்லை. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யூதருக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் தருவதாக 1917இல் அறிக்கை விட்ட ஆங்கில அமைச்சரின் பெயரைத் தம் மகனுக்கு வைத்தார்: பால்ஃபர் சேலம். அந்தப் பால்ஃபர் 1950இல் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கொச்சியில் மணம் நடக்க விடவில்லை. பம்பாய்க்குப் போய் மணந்து திரும்பினார்கள்.

காந்தியார் 1938 நவம்பரில் அரிஜன் இதழில், பாலஸ்தீனம் அரபு மக்களின் நாடு, யூதர் தாம் பிறந்த நாட்டிலேயே உரிமை கேட்க வேண்டும் என்ற கருத்தை எழுதினார். சேலமோ 1933இலேயே பாலஸ்தீனம் போய்ப் பார்த்துவிட்டுச் சியோனிச ஆர்வத்தோடு திரும்பியிருந்தார். சத்தியாக்கிரகத்தையும் சீயோனையும் ஒரே நெஞ்சில் வைத்திருந்தார் மனிதர். முரண்பாடு என்று நாம் சொல்லலாம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

மலபாரி யூதருக்குக் கூக்கும் தெரியாது, சத்மாரும் தெரியாது. அவர்கள் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். கையெழுத்து ஏடுகளில் எழுதிவைத்துத் தாயிடமிருந்து மகளுக்குப் போன பாட்டுகள். பேராசிரியர் ஸ்கறியா சக்கரியா போன்றோர் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். கல்யாணப் பாட்டு, வேதக்கதைப் பாட்டு இவற்றோடு இருபதாம் நூற்றாண்டில் சீயோனுக்குத் திரும்பும் பாட்டுகளும் சேர்ந்தன. 1948இல் இஸ்ரேல் அமைந்ததும், மேசியாக் காலத்தின் விடியல் இதுதான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே அவர்களை யாரும் துன்புறுத்தவில்லை. சமஸ்தானம் மறைந்ததும் வாணிபம் சுருங்கியதும் உண்மைதான் என்றாலும், பெரிய காரணம் பக்தி. சோஷலிசக்காரர்கள் நடத்திய அரசாங்கத்தை நம்பி, தோராச் சுருளைத் தூக்கிக்கொண்டு, ஊரோடு கிளம்பத் தயாரானார்கள். சுமார் 2,500 பேர் கொண்ட சமூகம் அது.

இஸ்ரேல் உடனே வா என்று சொல்லவில்லை. கொச்சிப் பக்கத்து யானைக்கால் நோய் அங்கே பரவிவிடும் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை தயங்கியது. சொத்தை விற்றுவிட்டுக் காத்திருந்த குடும்பங்களின் பாடு திண்டாட்டம். 1953இல் எழுபது வயதைத் தாண்டிய சேலம் இஸ்ரேலுக்கே போய் அவர்களுக்காக வாதாடினார். 1954, 55 ஆண்டுகளில் மலபாரி யூதர் பெரும்பாலோர் பம்பாய் வழியாக விமானம் ஏறினார்கள். மாளாப் பள்ளியை அவ்வூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மர வேலைப்பாடுகள் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பரதேசிகள் அவ்வளவு அவசரப்படவில்லை. தோட்டம், கட்டடம், கம்பெனி என்று வேர் ஆழமாக இருந்தது. பணத்தை வெளியே கொண்டுபோகவும் கட்டுப்பாடு. பிறகு மெல்ல மெல்ல அவர்களும் போனார்கள். ஜூ டவுனில் குல்லா தைத்து விற்றுக்கொண்டிருந்த சாரா கோகன் பாட்டி 2019இல் 96 வயதில் காலமானார். எல்லாருக்கும் வழிவிட்ட ஏ.பி. சேலம் தாம் மட்டும் போகவில்லை. 1967இல் கொச்சியிலேயே இறந்தார்.

போனவர்களுக்குக் கிடைத்தது எருசலேம் நகரமா என்றால் இல்லை. நெகேவ் பாலைவனத்து நெவாதிம், எருசலேம் மலையடிவாரத்து மெசிலாத் சீயோன், தாவோஸ் போன்ற குடியானவர் குடியிருப்புகள். அவற்றுள் சில, 1948 போரில் அரபுக் குடியானவர்கள் விட்டுப்போன மலைப்பகுதியில் அமைந்தவை. ஒருவர் திரும்பி வந்த இடம் இன்னொருவர் திரும்ப முடியாத இடம் என்பதை இந்த வரலாற்றில் மூடிவைக்க முடியாது. கடைகண்ணி வைத்துப் பிழைத்தவர்கள் கோழி வளர்க்கவும் மண் வெட்டவும் பழகினார்கள். சேந்தமங்கலத்தில் பிறந்து 1955இல் போன எலியாகு பெசாலேல் பாலைவனத்தில் பசுங்குடில் போட்டு ரோஜா வளர்த்துப் பேர்வாங்கினார். 2006இல் நம் அரசின் பிரவாசி பாரதிய சம்மான் விருதும் பெற்றார். ஓணத்துக்குக் கேரளம் போகும் நம்மூர்ச் செண்டுமல்லி லாரிகளைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

மணிப்பூர், மிசோரம் பற்றியும் ஒரு வார்த்தை. அங்குள்ள குக்கி, மிசோ மக்களில் ஒரு பகுதியினர் தாம் தொலைந்துபோன மனாசே கோத்திரத்தார் என்று நம்பி யூத நெறிக்கு வந்தார்கள். காணாமற்போன கோத்திரங்களை மீட்பது மேசியா வருகைக்கு முன் ஆகவேண்டிய வேலை என்று எண்ணிய ரபி எலியாகு அவிகாயில் 1980களிலிருந்து இவர்களோடு உறவு வைத்தார். 2005இல் செபார்திக் தலைமை ரபி ஷ்லோமோ அமார் இவர்களை இஸ்ரவேல் வழியினர் என ஏற்றார். ஆனாலும் முறைப்படி மதம் மாறியே ஆகவேண்டும். ஆயிரக்கணக்கானோர் போய்விட்டார்கள். பெனே இஸ்ரேல் பட்ட பாட்டை இவர்கள் முன்கூட்டியே படித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஒரே வீட்டில்

எல்லாப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்த நாள் ஒன்று நம் நாட்டில் உண்டு. 2008 நவம்பர் 26. பம்பாய் கொலாபாவில் நரிமன் ஹவுஸ். ஹபாத் இயக்கத்தைச் சேர்ந்த ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பர்க், அவர் மனைவி ரிவ்கா இருவரும் அங்கே விருந்தினர் இல்லம்போல் நடத்திவந்தார்கள். யார் கதவைத் தட்டினாலும் சாப்பாடு. நீ எந்தக் கட்சி என்ற கேள்வி இல்லை.

ஹபாத்தின் கதையே தனி. அவர்களின் ஐந்தாம் ரபி சியோனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர். ஏழாமவர் மேனஹெம் மெண்டல் ஷ்னியர்சன் சியோனிஸ்ட் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளாமலே, கைப்பற்றிய நிலத்தில் ஓர் அங்குலமும் கொடுக்கக்கூடாது என்று வற்புறுத்தினார். அவர்தான் மேசியா என்று அடியார் பலர் நம்பினார்கள். 1994 ஜூனில் அவர் மறைந்ததும் இயக்கம் உள்ளுக்குள் இரண்டுபட்டது: அவரே மீண்டும் வருவார் என்று பகிரங்கமாகச் சொல்பவர்கள் ஒரு பக்கம், அப்படிப் பேசுவதைத் தலைமையிடம் ஏற்கவில்லை என்பவர்கள் மறுபக்கம். இறந்தவர் எப்படி மேசியாவாக முடியும் என்று பிற யூதர் முகம் சுளித்தார்கள்.

அன்று அந்த வீட்டில் இருந்த விருந்தினரில் ஒருவர் ரபி லைபிஷ் டைட்டல்பாம். உணவுப் பொருள்கள் யூத விதிப்படி தயாராகின்றனவா என்று சரிபார்க்கும் வேலையாக இந்தியா வந்தவர். பெயரே சொல்லும், சத்மார் ரபியின் குடும்பப் பெயர். எருசலேமில் அரசை ஏற்காத ஹசிதியக் குழு ஒன்றைச் சேர்ந்தவர். இஸ்ரேலில் குடியேறப் புறப்பட இருந்த மெக்சிகோப் பெண்மணி ஒருவரும் அங்கே இருந்தார். வேறு இருவரும். வந்த கொலைகாரர்கள் யார் சியோனிஸ்ட், யார் எதிர்ப்பாளர் என்று கேட்கவில்லை. ஆறு பேரும் மாண்டார்கள். ஹோல்ட்ஸ்பர்க் தம்பதியின் இரண்டு வயதுக் குழந்தை மோஷேயை வீட்டில் வேலைபார்த்த சாண்ட்ரா சாமுவேல் என்ற இந்தியப் பெண் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

சடலங்கள் இஸ்ரேலுக்குப் போயின. அரசு மரியாதைக்கு ஏற்பாடாயிற்று. டைட்டல்பாமின் குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். பெட்டிமேல் இஸ்ரேல் கொடி போர்த்தக்கூடாது, அரசுச் சடங்கு கூடாது, அவர் உயிரோடு இருந்திருந்தால் ஒப்பியிருக்க மாட்டார் என்றார்கள். நாட்டில் பலருக்கு இது மனக்கசப்பைத் தந்தது. யூதர் என்பதற்காகவே செத்த ஒருவருக்கு யூத நாட்டின் கொடி ஆகாதா என்று கேட்டார்கள். குடும்பத்தின் பார்வையில், செத்தபிறகும் மனிதன் தன் கொள்கைக்குச் சொந்தக்காரன்.

கவ்ரியேலையும் ரிவ்காவையும் ஒலிவ மலையில் புதைத்தார்கள். மேசியா வரும் நாளில் மரித்தோர் எழுவது அங்கேதான் தொடங்கும் என்பது இரு கட்சியாரும் ஒப்புக்கொள்ளும் நம்பிக்கை. சாண்ட்ரா சாமுவேல் குழந்தையோடு இஸ்ரேலுக்குப் போனார். 2010இல் அந்நாடு அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. நரிமன் ஹவுஸ் 2014இல் மீண்டும் திறந்தது. 2018 ஜனவரியில் பதினொரு வயதுச் சிறுவனாக மோஷே அந்த வீட்டுக்கு வந்துபோனான்.